நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையா, சூரணமா, தீசானா? மொரிசியசிலிருந்து ஓர் ஒப்பீடு

இரவு படுத்த அரை மணி நேரத்தில் தொண்டை வரை புளிப்பு எதுக்களித்து, இருமிக்கொண்டே எழுந்து உட்காரும் நிலை சென்ற ஆண்டு எனக்கு வந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்த ஒமிப்ரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரை, ஆயுர்வேத வைத்தியர் தந்த அவிபத்திகர சூரணம், போர்ட் லூயிஸ் சந்தை மூலிகைக் கடையின் ஆயாபனா தீசான் (மூலிகை இலையைக் கொதிநீரில் இட்டுக் குடிக்கும் தேநீர்) ஆகிய மூன்றையும் வெவ்வேறு மாதங்களில் உட்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எரிச்சலை அடக்குவதில் ஒமிப்ரசோலுக்கு மற்ற இரண்டும் ஈடாகவில்லை. இரைப்பையில் அமிலம் சுரக்கும் இடத்தையே அது தடுப்பதால், உணவுக்கு அரை மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். மருந்து கொடுத்த இடத்தில் இதை எவரும் சொல்லாததால், முதல் வாரம் முழுவதும் சாப்பிட்ட பிறகு விழுங்கிப் பலனின்றித் தவித்தேன். நேரத்தை மாற்றிய நான்காம் நாள், 20 மில்லிகிராம் மாத்திரையிலேயே இரவு முழுவதும் உறங்கினேன். ஆனால் எட்டு வாரம் முடிந்ததும் திடீரென நிறுத்தியபோது, அடங்கியிருந்த அமிலம் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பதே சரி. ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் குறையக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

சூரணத்தின் செய்முறையைப் பார்த்தால் அதன் குணம் விளங்கிவிடும். எடையில் பாதி சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு சிவதை வேர், மிச்சம்தான் கிராம்பு, திரிகடுகு, திரிபலை முதலியவை. சிவதை பேதி மருந்து. ஆகவே மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் இரண்டே நாளில் தீர்ந்தன, நெஞ்செரிச்சலோ சற்றுத்தான் தணிந்தது. நீரிழிவு இத்தனை பரவியுள்ள இந்தத் தீவில், அந்தச் சர்க்கரை அளவை வைத்தியர்கள் தாமாகவே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதில் இல்லாவிட்டாலும், அதிமதுரம் சேர்ந்த வேறு மருந்துகளை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

ஆயாபனா மூன்று நரம்போடும் ஒடுங்கிய இலை. கொதிநீரில் இட்டால் காய்ந்த புல்லும் வனிலாவும் கலந்தாற்போல் மணக்கும். ருகாயும் (தக்காளிக் குழம்பு) எண்ணெயும் மிகுந்த விருந்துக்குப் பிறகு வயிற்றுக்கு இதமாக இருந்தது, ஆனால் இரவு எதுக்களிப்பை அது தடுக்கவில்லை.

விழுங்கும்போது அடைப்பு, கறுத்த மலம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருந்தால் சூரணத்தையோ தீசானையோ நம்பி நாள் கடத்தாமல், உடனே மருத்துவமனைக்குச் சென்று எண்டோஸ்கோபி (குழாய்க் கேமராவால் உள்ளே பார்க்கும் சோதனை) தேவையா என்று கேளுங்கள்.

ஆயுர்வேத வைத்தியரிடம் நான் பெற்ற பெரிய நன்மை அவருடைய கேள்விகள். நாடி பார்த்த பின், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று அரை மணி நேரம் விசாரித்தார். ஒன்பது மணி இரவுச் சாப்பாட்டை ஏழுக்கு மாற்றச் சொன்னார். இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னதும் அவரே. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னவர் மருத்துவமனை மருத்துவர். தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் ஆறு அங்குல மரக்கட்டை வைத்த பிறகு, மாத்திரை வாரத்தில் ஒரு நாளுக்குக்கூடத் தேவைப்படவில்லை.