பிரஷஸ்த் செயலி: வகுப்பாசிரியரின் பார்வையில்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமான என்சிஇஆர்டி 2022ஆம் ஆண்டு வெளியிட்ட பிரஷஸ்த் செயலி, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளின் அறிகுறிகளைப் பள்ளியிலேயே தொடக்க நிலையில் கண்டறிய உதவும் இலவசக் கருவியாகும். இதிலுள்ள அறிகுறிப் பட்டியலின் முதற்பகுதியை வகுப்பாசிரியர் நிரப்புகிறார். அதில் குறைபாடு இருக்கலாம் என்ற ஐயம் எழும் மாணவரைச் சிறப்புக் கல்வியாளர் இரண்டாம் பகுதியில் மேலும் ஆராய்கிறார். இந்த இரண்டடுக்கு முறைதான் இதன் பெரும் பலம் என்பேன். ஏனெனில், எழுத்துகளை மாற்றி எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்றோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையைத் திமிர்பிடித்தவர் என்றோ அவசரமாக முடிவுகட்டாமல், நடத்தையைக் கூர்ந்து கவனித்துப் பதியும் பழக்கத்தை அது ஆசிரியரிடம் வளர்க்கிறது. இது மருத்துவச் சான்றுக்கு மாற்றாகாது என்பதை, குறிப்பாகப் பெற்றோரிடம் பேசும்போது, மறந்துவிடக் கூடாது.

ஆனால், அறிகுறி தெரிந்த பின் மறுநாள் பாடத்தை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு இதில் விடை தேட முடியாது. அதற்கு எல்லா மாணவரையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்வி குறித்து, ஆசிரியர்களுக்கான தேசியத் திட்டமான நிஷ்தா தரும் பயிற்சியை, அரசு இணையத்தில் நடத்தும் திக்‌ஷா தளத்தில் தனியாகப் படிக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவருக்கும் பட்டியலை நிரப்புவது எளிய வேலையன்று. தலைமையாசிரியர் அதற்கென நேரம் ஒதுக்கினால் மட்டுமே பதிவுகள் நம்பத்தக்கவையாக அமையும்.