660 கிட்டா, 372 கிட்டா: கயிறு இழுத்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் எங்கே தேடுவது

செயின் சா-வைப் பாகம் பாகமாக வாங்கித் தாங்களே பூட்டுபவர்களில் பெரும்பாலோர் இரண்டு நகல் கிட்களில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று ஸ்டில் எம்எஸ் 660-இன் நகல்: 54 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 40 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 91.6 சிசி. மற்றொன்று ஹஸ்க்வர்னா 372எக்ஸ்பி-யின் நகல்: 50 மி.மீ. போர், 36 மி.மீ. ஸ்ட்ரோக், 70.7 சிசி. எது மரத்தை வேகமாக அறுக்கும் என்ற பேச்சை விட்டுவிடுவோம். பூட்டி முடித்து, கை வலிக்கக் கயிறு இழுத்தும் எஞ்சின் பிடிக்காதபோது எந்தக் கிட் எங்கே மக்கர் செய்யும் என்பதை மட்டும் பார்ப்போம். இரண்டும் வெவ்வேறு காரணங்களால் நிற்கின்றன. ஆனால் இரண்டையும் வாங்கியவர்கள் முதலில் செய்வது ஒன்றே: புது கார்புரேட்டருக்கு ஆர்டர் போடுவது. பெரும்பாலும் அது வீண் செலவு.

முதல் பத்து நிமிட வேலை இரண்டுக்கும் பொது. கிட்டோடு வந்த பிளக்கை ஒதுக்கிவிட்டு என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ போடுங்கள். இரண்டு எஞ்சினுக்கும் அதே பிளக்தான், இடைவெளி 0.5 மி.மீ. சோக் போட்டு ஏழெட்டு முறை இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. ஸ்பார்க்கைத் தேட வேண்டும். காய்ந்திருந்தால் பிளக் ஓட்டை வழியாக இரண்டு மூன்று மில்லி ஆயில் கலந்த பெட்ரோல் விட்டு மறுபடி இழுங்கள். இரண்டு நொடி பிடித்து அணைந்தால் ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் சரி, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

ஸ்பார்க் விஷயத்தில் 660 கிட்தான் அதிகம் படுத்தும். அதில் ஸ்டாப், ஓட்டம், பாதி த்ராட்டில், சோக் எல்லாமே பின் கைப்பிடியில் உள்ள ஒரே லீவரில் அடங்கியிருக்கின்றன. லீவர் ஸ்டாப் நிலைக்கு வரும்போது ஒரு சிறு கம்பி ஸ்பிரிங் தொட்டு, ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலை எர்த் செய்யும். பூட்டும்போது அந்த ஸ்பிரிங் கொஞ்சம் தவறான பக்கம் உட்கார்ந்தாலும், லீவர் எங்கே இருந்தாலும் எர்த் ஆகிக்கொண்டே இருக்கும். காயிலில் இருந்து ஸ்டாப் ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் பாருங்கள். வந்தால் காயில் நல்லது, கோளாறு ஸ்பிரிங்கில். ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கை அதன் ஓட்டையில் இருந்து தள்ளியே வைத்து எர்த் செய்யுங்கள். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

372-இல் ஸ்டாப் சுவிட்ச் தனி, சோக் தனி. அங்கே ஒயர் எங்காவது நசுங்கினால் ஒழிய இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் சோக் பழக்கம் தெரியாதவர்கள் எஞ்சினை மூழ்கடித்துவிடுகிறார்கள். சோக் நாபை வெளியே இழுத்து, முதல் ‘டப்’ சத்தம் கேட்டதும் உள்ளே தள்ள வேண்டும். தள்ளிய பிறகும் த்ராட்டில் சற்றுத் திறந்தே நிற்கும். அந்த நிலையில்தான் எஞ்சின் பிடிக்கும்.

காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே இரண்டிலும் 0.3 மி.மீ. வைக்கலாம். தடித்த விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகினால் ஏறக்குறைய சரியாக வரும். ஃப்ளைவீல் உட்காரும் கூம்புப் பகுதியில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. தின்னரால் துடைத்துவிட்டு நட்டை நன்றாக முறுக்குங்கள். நட் தளர்ந்தால் ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகச் சாவி அறுந்து, ஸ்பார்க் வரும் நேரம் (டைமிங்) நகர்ந்துவிடும். கயிறு கையைத் திருப்பி இழுத்தால் முதல் சந்தேகம் இதன்மேல் போக வேண்டும்.

இனி பெட்ரோல் பக்கம். கார்புரேட்டருக்குள் இருக்கும் பம்ப் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் அறையின் அழுத்தம் ஏறி இறங்குவதால்தான் துடிக்கிறது. அந்தத் துடிப்பு வந்து சேராவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த கார்புரேட்டரும் டேங்க்கில் இருந்து ஒரு சொட்டுக்கூட இழுக்காது. துடிப்பு போகும் வழி இரண்டு கிட்டிலும் வேறு. 660-இல் தனியாக ஒரு சிறு ரப்பர் ஹோஸ் உண்டு. கிட்டில் வரும் ஹோஸ் சில சமயம் தளர்வாகவோ, வளையும் இடத்தில் மடங்கியோ இருக்கும். கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், மாற்றுவதும் எளிது. 372-இல் அப்படி ஹோஸ் கிடையாது. சிலிண்டரின் இன்டேக் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறு துளை, அதற்கு நேராக, சிலிண்டரையும் கார்புரேட்டரையும் இணைக்கும் இன்டேக் ரப்பரில் ஒரு வழி. ரப்பர் சற்றே திரும்பி உட்கார்ந்தாலோ, கேஸ்கட் தலைகீழாகப் போனாலோ துளை அடைபடும். வெளியே இருந்து எதுவும் தெரியாது. பிளக் எப்போதும் காய்ந்தே இருக்கும் 372 கிட்டில் கார்புரேட்டரைக் குறை சொல்லும் முன் அதைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள்.

இன்டேக் ரப்பரில் நிலைமை தலைகீழ். 660-இன் ரப்பரை டேங்க் கைப்பிடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். விரலாலும் ஸ்க்ரூ டிரைவராலும் தள்ளினால் விளிம்பு மடங்கும், சில நேரம் கிழியும். ரப்பரின் விளிம்புக்குப் பின்னால் ஒரு நூல் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் ஓட்டை வழியாக வெளியே எடுத்துச் சேர்த்து இழுத்தால் விளிம்பு தானாகப் படியும். ஸ்டில் மெக்கானிக்குகள் செய்யும் முறை இதுதான். மடங்கிய விளிம்பு வழியே காற்று நுழைந்தால் எஞ்சின் பிடிக்கும், ஆனால் ஐடிலில் ஏறி இறங்கும்; த்ராட்டிலை விட்டாலும் வேகம் சட்டென்று குறையாது. அப்படியே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் கீறிவிடும்.

இந்தக் காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க அழுத்தச் சோதனையைத் தவிர நம்பகமான வழி இல்லை. சைலன்சருக்கு அடியிலும், கார்புரேட்டருக்கும் இன்டேக் ரப்பருக்கும் நடுவிலும் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து அடையுங்கள். 660-இல் துடிப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு எஞ்சின் பக்க நிப்பிளிலேயே கேஜைச் செருகலாம். 372-இல் அந்த வசதி இல்லை. பிளக் ஓட்டைக்கு அடாப்டர் வேண்டும், பிஸ்டனும் கீழே இருக்க வேண்டும். 0.5 பார் ஏற்றி 20 நொடி பாருங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை வரும் இடங்கள்: ஆயில் சீல், டிகம்ப்ரஷன் வால்வு, சிலிண்டர் அடி கேஸ்கட், கிராங்க்கேஸ் கேஸ்கட்டை வெட்டிச் சமன் செய்த மூலை. பிறகு அதே 0.5 பார் அளவுக்கு வெற்றிடம். உள்ளிருந்து அழுத்தும்போது ஆயில் சீலின் உதடு தண்டோடு ஒட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து காற்று இழுக்கும்போதுதான் பிரியும். அதனால் அழுத்தத்தில் தேறிய சீல் வெற்றிடத்தில் தோற்பது சகஜம். சீல் மாட்டும்போது தண்டின் கூர்மையான விளிம்பில் செலோடேப் சுற்றியிருந்தால் இந்தக் கஷ்டம் பாதி குறையும்.

இத்தனையும் சரி என்ற பிறகுதான் கார்புரேட்டர். வழிகள் மூன்று. இன்னொரு மலிவு நகலை வாங்குவது மிக மோசமான வழி. பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் அதே நீடில், அதே விறைத்த டயாஃப்ரம் மறுபடி வரும். கிட்டோடு வந்ததையே கழற்றிச் சுத்தம் செய்து நீடிலும் டயாஃப்ரமும் மட்டும் நல்லதாக மாற்றுவது இரண்டாவது. அதுவும் கைகொடுக்காவிட்டால் அசல் வால்ப்ரோ: 660-க்கு டபிள்யூஜே வரிசை, 372-க்கு எச்டி வரிசை. இரண்டாவதில் தொடங்குவதே புத்திசாலித்தனம். பெட்ரோல் ஹோஸ் வழியே 0.8 பார் கொடுத்து கார்புரேட்டரை மிக்ஸ் பெட்ரோலில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் நீடில் உட்காரவில்லை, எஞ்சின் மூழ்கத்தான் செய்யும். பூட்டும்போது வரிசை முக்கியம்: மீட்டரிங் பக்கம் (நீடில் இருக்கும் பக்கம்) உடலை ஒட்டி முதலில் கேஸ்கட், அதன்மேல் டயாஃப்ரம். பம்ப் பக்கம் முதலில் டயாஃப்ரம், பிறகு கேஸ்கட். மாற்றிப் போட்ட கார்புரேட்டர் புதிதாக இருந்தும் வேலை செய்யாது.

டேங்க்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே கிடக்கும் பிளாஸ்டிக் சுருள்களைக் கழுவி எடுங்கள். ஐந்து நிமிடம் ஓடி நின்று, மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால், டேங்க்குக்குள் காற்று வரும் வழியான வென்ட் அடைபட்டிருக்கிறது. இந்திய பெட்ரோல் பங்க்குகளில் இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வருவதால் கிட் ஹோஸ்களை நம்ப வேண்டாம். எத்தனால் மலிவு ரப்பரை உப்ப வைக்கும். நல்ல ஹோஸாக மாற்றுங்கள், வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

முதல் சில டேங்குகளுக்கு லிட்டருக்கு 25 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 40-க்கு 1. கார்புரேட்டரில் உள்ள எச் (அதிக வேகம்), எல் (குறைந்த வேகம்) இரண்டு திருகுகளையும் மெதுவாக முழுக்க மூடிவிட்டு ஒவ்வொரு சுற்று திறந்து தொடங்குங்கள். எஞ்சின் சூடான பிறகு டேக்கோமீட்டரில் நிமிடத்துக்கு 12,500 சுற்றுக்கு மேல் போனால் எச் திருகை இடப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று திறந்து மறுபடி அளந்து பாருங்கள். ஒருமுறை கீறிய கிட் பிஸ்டனோடு சிலிண்டர் பூச்சும் போய்விடும், அதற்கு ட்யூனிங் மருந்தில்லை.