பவர் ஆட்டோமேட் மெஷின் குரூப்: ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல ஒரு மீன் கம்பெனி ஆபீஸ்ல ஓட்டிப் பாத்துட்டு எழுதுற ரிவியூ

மனுசன் கம்ப்யூட்டர்ல செய்ற வேலைய தானா செய்ய வைக்கிற சாப்ட்வேர் மைக்ரோசாப்ட் பவர் ஆட்டோமேட், அப்படி தானா செய்ற ப்ரோக்ராமத்தான் பாட்னு சொல்றோம். அதுல மெஷின் குரூப்னு ஒரு வசதி இருக்கு. ஆபீஸ்ல இருக்க நாலஞ்சு கம்ப்யூட்டர ஒரே பேருக்கு கீழ சேத்து வச்சுக்கலாம், பாட் வேலைய அந்தப் பேருக்கு அனுப்பினா போதும், எந்த மெஷின் சும்மா கெடக்கோ அது எடுத்து செஞ்சுரும், எல்லாமே பிஸியா இருந்தா வேலை வரிசையில காத்திருக்கும். ஏலம் முடிஞ்சதும் எவன் கை காலியா இருக்கோ அவன் அடுத்த மீன் பெட்டிய தூக்குவான்ல, அதே மாதிரிதான். எங்கள மாதிரி கடற்கரை ஊர் சின்ன ஆபீசுக்கு இது தேவையா, குடுக்குற காசுக்கு தகுமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். என் முடிவ மொதல்லயே சொல்லிடுறேன், வேலை ஒரே நேரத்துல வந்து குவியுற எடத்துக்கு இது அருமையான சாமான். வேலை நாள் பூரா சீரா வர்ற எடத்துக்கு ஒரு நல்ல மெஷினும் ஒரு யூபிஎஸ்ஸும் போதும், குரூப்புக்கு செலவு பண்ணாதீங்க.

எங்க வேலை எப்படி குவியுதுன்னு சொன்னாத்தான் இது புரியும். பாக் நீரிணை பக்கம் விசைப்படகுக வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகும், மத்த நாள் நாட்டுப்படகுக்கு. போன போட்டுக மறுநாள் கரைக்கு வந்துச்சுன்னா விடியக்காலைல இருந்து எடைச்சீட்டு வந்து கொட்டும், இறால், நண்டு, கணவாய், சங்கரான்னு ஒவ்வொண்ணும் தனி ரேட்டு, ஒரு போட்டுக்கு எத்தனையோ வரி. வாடியில, அதாவது கரையில மீன் எடை போட்டு வாங்குற கொட்டகையில, இருக்க தம்பிங்க அத போன்லயே எக்ஸெல் சீட்ல போட்டு அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம்தான் எங்க பாட்டுகளுக்கு வேலை. ஒண்ணு அந்த சீட்ட படிச்சு எங்க பழைய பில்லிங் சாப்ட்வேர்ல கொள்முதல் பில் போடும், இன்னொண்ணு போட்டு வாரியா கணக்கு எடுத்து பிடிஎஃப் ஆக்கும், மூணாவது பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிட்டுப் பாக்கும். அந்த பில்லிங் சாப்ட்வேருக்கு வேற ப்ரோக்ராம் நேரா பேசுறதுக்கான ஏபிஐ அது இதுன்னு ஒண்ணும் கெடையாது, மனுசன் மாதிரியே பட்டன அமுக்கி, கட்டத்துல டைப் அடிச்சுத்தான் ஆகணும், அதனாலதான் டெஸ்க்டாப் பாட்டுக்கே போனோம்.

இதுல நேரம் ஏன் முக்கியம்னா, ஐரோப்பாவுக்குப் போற சரக்குக்கு 2010ல இருந்து கேட்ச் சர்டிபிகேட், அதாவது மீன முறைப்படி புடிச்சதுன்னு காட்டுற சான்று, கட்டாயம், எந்த போட்டு, அதோட பதிவு எண் என்ன, என்னைக்கு கரையில எறக்குச்சுன்னு எல்லாம் ஒத்துப் போகணும், கடல் பொருள் ஏற்றுமதிய பாத்துக்குற மத்திய அரசு அமைப்பான எம்பெடாதான் அத சரிபார்த்துக் குடுக்கும். நம்ம கணக்குல ஒரு போட்டு விட்டுப்போனாலோ தேதி மாறினாலோ பின்னாடி அந்த சரக்குக்கே தலைவலி. அதனால சீட்டு வந்த அன்னைக்கே பில் ஏறிடணும், நாளைக்கு பாத்துக்கலாம்ங்கிற பேச்சே ஆகாது.

முன்னாடி ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குன்னு கட்டிப் போட்டிருந்துச்சு. காலைல பில் போடுற மெஷின் மூச்சு முட்ட ஓடிட்டிருக்கும், பக்கத்துல பேங்க் மெஷின் சும்மா வெளக்கு எரிஞ்சுட்டு ஒக்காந்திருக்கும். அதவிட பெரிய தொல்லை உப்புக்காத்து. கடலுக்கு பக்கத்துல ஆபீஸ் வச்சிருக்கவங்களுக்கு தெரியும், கேபினெட்ட கழட்டினா உள்ள ஸ்க்ரூ எல்லாம் துரு, ஃபேன்ல பிசுபிசுன்னு தூசி அப்பியிருக்கும், ரேம கழட்டி அந்த காண்டாக்ட அழிரப்பர் வச்சு தேச்சாத்தான் திரும்ப உயிர் வரும். இப்படி ஒரு மெஷின் படுத்துச்சுன்னா அதுல கட்டியிருந்த பாட்டும் சேந்து படுத்துரும், மத்த மெஷினுக நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல. இங்க கம்ப்யூட்டர் சாகுறது எப்பவாவது நடக்குறது இல்ல, வருசா வருசம் நடக்கும்னு வச்சுத்தான் திட்டம் போடணும்.

செட்டப் எப்படின்னா, ஒவ்வொரு மெஷின்லயும் பவர் ஆட்டோமேட் மெஷின் ரன்டைம்ங்கிற சாப்ட்வேர போட்டு நம்ம ஆபீஸ் அக்கவுண்ட்ல ரிஜிஸ்டர் பண்ணணும், அப்புறம் பவர் ஆட்டோமேட் வெப்சைட்ல, அதாவது போர்ட்டல்ல, குரூப் உருவாக்கி ஒவ்வொண்ணா சேக்கணும், குரூப்புக்குன்னு ஒரு பாஸ்வேர்ட் வைக்கணும், அத பத்திரமா எழுதி வச்சுக்கோங்க, அடுத்த மெஷின சேக்குறப்ப அது கேக்கும். விண்டோஸ் ஹோம் எடிஷன் ஆகாது, ப்ரோ வேணும், பழைய கம்ப்யூட்டர் வாங்குறப்பவே இத கவனிங்க, கடைக்காரர் நிறைய பேரு ஹோம் போட்டுத்தான் குடுப்பாங்க. இன்னொண்ணு, ஏற்கனவே தனியா ஓடிட்டிருக்க மெஷின குரூப்ல சேத்தா அந்த மெஷினுக்கு நேரா போட்டிருந்த கனெக்ஷன் எல்லாம் அறுந்துரும், ஒவ்வொரு ஃப்ளோவுலயும் (பாட் செய்ய வேண்டியத படிப்படியா எழுதி வச்சிருக்கது) புதுசா குரூப்புக்கு கனெக்ஷன் குடுக்கணும். அதனால போட்டு வர்ற நாள்ல இந்த வேலையில கை வைக்காதீங்க. நெட்வொர்க்ல பெருசா ஒண்ணும் தோண்ட வேண்டாம், வெளிய போற 443 போர்ட் (பாதுகாப்பான வெப்சைட்டுக்குப் போற அதே வழிதான்) தொறந்திருந்தா போதும்.

இப்ப நல்லது என்னன்னு சொல்றேன். போர்ட்டல்ல ரன் க்யூன்னு ஒரு பக்கம் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. காலைல டீய வச்சுக்கிட்டு அத தொறந்தா எந்த வேலை ஓடுது, எது காத்திருக்கு, எந்த மெஷின்ல ஓடுதுன்னு வரிசையா தெரியும். அவசரமா ஒரு போட்டுக்காரர் வந்து அண்ணே என் கணக்க மொதல்ல குடுங்கன்னு நின்னா, அந்த வேலைய வரிசையில மேல நகத்தி விடலாம். ஃப்ளோவுலயே இது முக்கியமான வேலை, இது சாதாரண வேலைன்னு முன்னுரிமையும் குறிச்சு வைக்கலாம், நாங்க பில்ல ஹைன்னும் பேங்க் ஒப்பீட்ட நார்மல்னும் வச்சிருக்கோம், அதனால சீட்டு குவியுற நேரத்துல பேங்க் வேலை தானா பின்னாடி போயிரும், மத்தியானம் கூட்டம் வடிஞ்சதும் அதுவும் முடிஞ்சுரும்.

ஒருநாள் கணக்கு பாக்குற அக்கா மத்தியானம் வந்து, தம்பி அந்த ஓரத்து மெஷின் ஃபேன் சத்தமே கேக்கலையேன்னு கேட்டாங்க. போய் பாத்தா பவர் சப்ளை போயிருக்கு, எப்ப போச்சுன்னே தெரியல. அன்னைக்கு பில் எல்லாம் ஏறியிருந்துச்சு, மத்த மெஷினுக பிரிச்சு எடுத்துருச்சு, வழக்கத்தவிட கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான். முன்னாடின்னா காலைலயே வாடியில இருந்து போன் மேல போன் வந்திருக்கும். நான் குரூப்ப விரும்பி சொல்றதுக்கு இந்த ஒண்ணே போதும்.

மெயின்டனன்ஸ் மோடுன்னு ஒண்ணும் இருக்கு, ஒரு மெஷினயோ முழு குரூப்பயோ வேலை எடுக்காம நிறுத்தி வைக்கலாம். விண்டோஸ் அப்டேட்டுக்கும், நான் சொன்ன ரேம் தேய்க்கிற வேலைக்கும் இது ரொம்ப உதவி.

குறைகளும் இருக்கு, அத மறைச்சா ரிவியூ எழுதி என்ன பிரயோஜனம்.

ஒரு மெஷின் ஒரு குரூப்லதான் இருக்க முடியும். பெரிய கம்பெனியில நூறு மெஷின் இருக்கும், பிரிச்சுக்கலாம். நம்மகிட்ட இருக்கதே நாலு, அதுல பில்லுக்கு ஒரு குரூப்பு, ரிப்போர்ட்டுக்கு ஒரு குரூப்புன்னு பிரிச்சா ஒண்ணு தவிக்கும், இன்னொண்ணு சும்மா இருக்கும், மறுபடி பழைய கதைதான். அதனால டிபார்ட்மென்ட் வாரியா பிரிக்காதீங்க, எந்த மெஷின்ல என்ன சாப்ட்வேர் இருக்குன்னு பாத்து பிரிங்க. எல்லா மெஷின்லயும் எல்லாத்தயும் போட முடியும்னா ஒரே குரூப்பா வைங்க, யாருக்கு மொதல்லங்கிறத முன்னுரிமைய வச்சு பாத்துக்கலாம்.

குரூப்ல எந்த மெஷின் எடுக்கும்னு நமக்கு தெரியாதுங்கிறதால எல்லாமே அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும். பில்லிங் சாப்ட்வேர் ஒரே வெர்ஷன், ஒரே ஃபோல்டர், ஒரே விண்டோஸ் யூசர், அதே பாஸ்வேர்ட். ஒரு மெஷின்ல சி டிரைவ், இன்னொண்ணுல டி டிரைவ்னு ஃபைல் கெடந்தா பாட் ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் விழும், ஏன்னு கண்டுபுடிக்கவே பாதி நாள் போயிரும். படத்த பாத்து க்ளிக் பண்ற மாதிரி ஃப்ளோ எழுதியிருந்தா ஸ்கிரீன் சைசும், எழுத்து பட்டன் எல்லாம் எவ்வளவு பெருசா தெரியணும்ங்கிற ஸ்கேலிங்கும்கூட ஒத்துப் போகணும், ஒண்ணுல 100, இன்னொண்ணுல 125 சதவீதம்னா பட்டனே கண்ணுக்கு தெரியாது அதுக்கு. முடிஞ்சவரைக்கும் படத்த நம்பாம அந்த பட்டனோட பேர புடிக்கிற மாதிரி எழுதுங்க.

அடுத்தது லாகின் விஷயம். ஆள் இல்லாம ஓடுற ரன்னுக்கு அந்த மெஷின்ல யாரும் லாகின்ல இருக்கக் கூடாது, பாட்டே உள்ள போய் வேலைய முடிச்சுட்டு வெளிய வந்துரும். விண்டோஸ் 10லயும் 11லயும் வழக்கமான செட்டிங்ல யாராவது ஸ்கிரீன லாக் மட்டும் பண்ணிட்டு வீட்டுக்குப் போனாலும் ரன் ஓடாது, சைன் அவுட் பண்ணியே ஆகணும். சின்ன ஆபீஸ்ல பகல்ல ஆள் ஒக்காந்து வேலை பாக்குற கம்ப்யூட்டரத்தான் ராத்திரி பாட்டுக்கும் விடுவோம், அங்க இது பெரிய இடைஞ்சல். நாங்க ராத்திரி ஒரு நேரம் வச்சு தானா சைன் அவுட் ஆகுற மாதிரி டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டுட்டோம், நீங்களும் அப்படி செஞ்சுருங்க, ஆளுகள நம்பி விடாதீங்க.

முக்கியமா இத புரிஞ்சுக்கோங்க, குரூப்ல இருக்கதால பாதியில செத்த வேலைய இன்னொரு மெஷின் விட்ட எடத்துல இருந்து தொடராது. கரண்ட் போய் நடுவுல நின்னா அந்த ரன் ஃபெயில்தான், திரும்ப மொதல்ல இருந்து ஓடும். பாதி போட்டுக்கு பில் ஏறியிருக்கும், திரும்ப ஓட்டினா அதே பில் ரெண்டு தடவ ஏறும், போட்டுக்காரருக்கு ரெண்டு மடங்கு கணக்கு போயிரும். அதனால எங்க ஃப்ளோ ஒவ்வொரு சீட்டுக்கும் மொதல்ல சீட்டு எண்ண தேடிப் பாக்கும், இருந்தா தாண்டிப் போயிரும், இல்லன்னாத்தான் போடும். இந்த ஒரு சோதனை இல்லாம குரூப்ல எதையும் விடாதீங்க.

இன்டர்நெட் போனா என்ன பண்ணுவன்னு கேப்பீங்க. வேலைய பிரிச்சுக் குடுக்குறது கிளவுட்ல இருக்கு, அதனால ஆபீசுக்கே நெட் இல்லன்னா எத்தன மெஷின் இருந்தாலும் ஒண்ணுதான். ஐப்பசி கார்த்திகை மழையில இது நடக்கும், வேற கம்பெனி சிம் போட்ட ஒரு ரூட்டர் கூடவே வச்சுக்கோங்க.

இப்ப காசு. மைக்ரோசாப்ட் போட்டிருக்க விலைப்படி ஆள் இல்லாம ஓடுற பாட்டுக்கு பிராசஸ் லைசன்ஸ் மாசம் 150 டாலர், ஒரே நேரத்துல எத்தன பாட் ஓடணுமோ அத்தன வேணும். மெஷின நாலு சேத்தாச்சே, நாலும் ஒண்ணா ஓடும்னு நெனச்சுராதீங்க, லைசன்ஸ் ரெண்டுன்னா ரெண்டுதான் ஓடும். ஆள் பக்கத்துல இருந்து ஓட்டுறதுக்கு பிரீமியம் லைசன்ஸ் ஒரு யூசருக்கு மாசம் 15 டாலர், அது எவ்வளவோ மலிவு. சும்மா நம்ம கம்ப்யூட்டர்ல நாமளே பட்டன அமுக்கி ஓட்டுறது விண்டோஸ் 10, 11 வச்சிருக்கவங்களுக்கு 2021ல இருந்தே இலவசம், மொதல்ல அதுல பழகுங்க. எனக்கு மனசுல இருக்க ஆதங்கம் என்னன்னா, அந்த மாசம் 150ங்கிறது வருசக் கணக்குல கட்டுறதுக்கான விலை. நமக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையிலதான் நிக்கும், நாட்டுப்படகு சரக்கு மட்டும் வரும், அதுக்கு ஒரு பாட்டே தாராளம். கடல நம்பியிருக்க தொழிலுக்கு வருசம் பூரா ஒரே அளவு காசு கட்டுறது வலிக்கத்தான் செய்யுது. வாங்குறப்ப மாசக் கணக்குல எடுக்க முடியுமான்னு டீலர்கிட்ட கேட்டுட்டு, அதோட விலையையும் ஒப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணுங்க. நாங்க ரெண்டு லைசன்ஸ்தான் வச்சிருக்கோம், மெஷின் நாலு. ரெண்டு ஓடும், ரெண்டு மாத்துக்கு நிக்கும், உப்புக்காத்து ஊருக்கு இந்தக் கணக்கு சரியா இருக்கு.

வேற வழி இல்லையான்னா, இருக்கு. உங்க வேலை வெறும் ஸ்கிரிப்ட்டா இருந்தா, அதாவது திரையில எதையும் க்ளிக் பண்ண வேண்டாம், ஃபைல எடுத்து மாத்தி அனுப்புறதோட முடிஞ்சுரும்னா, வேலைகள தானா ஓட்டுற ஜென்கின்ஸ்ங்கிற சாப்ட்வேர போடுங்க, இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதுல மெஷினுக்கு லேபிள் ஒட்டலாம், ஒரே மெஷினுக்கு எத்தன லேபிள் வேணும்னாலும் குடுக்கலாம், மெஷின் குரூப்ல இல்லாத சவுகரியம் அது. ஆனா விண்டோஸ்ல அத பின்னணியில சர்வீஸா ஓடவிட்டா திரை கெடைக்காது, பில்லிங் சாப்ட்வேர் மாதிரி பட்டன் அமுக்குற வேலை அதுல நடக்காது. பவர் ஆட்டோமேட் மாதிரியே இன்னொரு பாட் சாப்ட்வேரான யூஐபாத்லயும் மெஷின சேத்து ஃபோல்டர் வாரியா பிரிக்கிற வசதி இருக்கு, நான் அத ஆபீஸ்ல ஓட்டினதில்ல, அதனால நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

என் மார்க்கு 5க்கு 4. ஒரு மார்க்கு குறைச்சது ஒரு மெஷின் ஒரு குரூப்புங்கிற கட்டுப்பாட்டுக்கும் அந்த லைசன்ஸ் விலைக்கும். தொண்டி, கீழக்கரை, பாம்பன் பக்கம் யாராவது போடப் போறீங்கன்னா ரெண்டு மெஷின வச்சு ஆரம்பிங்க, தடைக்காலத்துலயே செட்டப் வேலைய முடிச்சு, பழைய சீட்டுகள திரும்ப ஓட்டிப் பாத்து, நடுவுல வேணும்னே ஒரு மெஷினோட வயர புடுங்கி விட்டு, பில் ரெண்டு தடவ ஏறாம இருக்கான்னு பாத்துட்டு, ஜூன் 15 போட்டு கெளம்புறதுக்குள்ள தயாராயிருங்க.