முழுதாகப் போடுவதா, கழற்றிப் போடுவதா? பழைய அலுவலக மின்சாதனங்களும் உலோக மதிப்பும்

அலுவலகத்தின் பின்னறையில் இருபது பழைய கணினிப் பெட்டிகள், நாலைந்து யு.பி.எஸ், மூன்று பிரிண்டர், ஒரு மூட்டை கேபிள் கிடக்கின்றன. இவற்றைக் காசாக்க மூன்று வழிகள். முதலாவது, அப்படியே எடைக்குப் போடுவது. இரண்டாவது பாதிக் கழற்றல், அதாவது பெரிய பாகங்களை மட்டும் பிரித்து ரகம் ரகமாகப் போடுவது. மூன்றாவது, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துச் செம்பு, அலுமினியம், பித்தளை என்று தனித்தனியாக எடுப்பது.

மூன்றாவது வழியில்தான் அதிகப் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். எடைச் சீட்டை மட்டும் பார்த்தால் அது சரிதான். செலவான மணிநேரத்தால் வகுத்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். கணினிப் பெட்டிக்கும் சர்வருக்கும் பாதிக் கழற்றல் போதும். பிரிண்டரையும் மானிட்டரையும் முழுதாகப் போடலாம். முழுப் பிரிப்புக்கு ஈடு கொடுப்பவை இரண்டே இரண்டு: டிரான்ஸ்ஃபார்மரும் தடித்த செம்புக் கேபிளும்.

வாங்குபவர் விலை வைக்கும் முறைதான் இதற்குக் காரணம். கலந்து கிடக்கும் பொருளுக்கு, அதில் உள்ள மிக மலிவான உலோகத்தை ஒட்டித்தான் விலை வரும். பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்கில் ஓர் இரும்புக் கிளிப் மாட்டியிருந்தால் அது சுத்த அலுமினியம் அல்ல, கலப்பு அலுமினியம். கிளிப்பைக் கழற்ற ஐந்து நொடி ஆகும், ரகம் ஒரு படி ஏறும். அந்த ஐந்து நொடி லாபம். அதே ஹீட்சிங்கின் அடியில் பதித்திருக்கும் செம்பு வில்லையைப் பெயர்க்கப் பத்து நிமிடம் அடித்துக்கொண்டிருப்பது நஷ்டம். அடுத்த திருகு ரகத்தை மாற்றுமா என்பதுதான் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி.

கணினிப் பெட்டி

சாதாரண அலுவலகக் கணினிப் பெட்டி ஒன்பது கிலோ அளவில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் வெறும் இரும்புத் தகடு. பவர் சப்ளை ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ, மதர்போர்டு 500 முதல் 800 கிராம், ஹார்டு டிஸ்க் 600 கிராம், சிடி டிரைவ் 700 கிராம், ஹீட்சிங்க் 300 முதல் 400 கிராம் வரும். உள் ஒயர்கள் கொஞ்சம். முழுதாகப் போட்டால் இவை எல்லாமே இரும்புக்குச் சற்று மேலான ஒரே விலைக்குப் போய்விடும்.

பாதிக் கழற்றலுக்கு ஒரு பெரிய பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு கட்டரும் போதும். வரிசை முக்கியம். பக்கத் தகட்டை எடுத்ததும் பின்புறத்து நான்கு திருகுகளைக் கழற்றிப் பவர் சப்ளையை வெளியே இழுங்கள். அது நகர்ந்தால்தான் கை உள்ளே போகும். அடுத்து ராம் எனும் நினைவகப் பட்டை, ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், விசிறியோடு ஹீட்சிங்க், பிராசஸர். கடைசியாக மதர்போர்டின் ஆறு முதல் ஒன்பது திருகுகள். பிராசஸரில் ஒட்டிக்கொண்டு கழல மறுக்கும் ஹீட்சிங்கை நேராக மேலே இழுக்காதீர்கள். இடவலமாக முறுக்கினால் காய்ந்த பசை விட்டுவிடும். இழுத்தால் பிராசஸர் சாக்கெட்டில் இருந்து பிய்ந்து வந்து பின்கள் வளைந்துவிடும். முன்பக்கப் பிளாஸ்டிக் முகப்பைக் கொக்கி நெம்பி எடுத்துவிட்டால் மீதி சுத்த இரும்பு. கை பழகியவருக்கு ஒரு பெட்டிக்கு ஆறேழு நிமிடம்.

இதற்கு மேல் போனால் என்ன கிடைக்கும்? பவர் சப்ளையைத் திறந்தால் நூறு சொச்சம் கிராம் அலுமினியத் தகடும், ஒயர்களிலும் சுருள்களிலும் சேர்த்து அதே அளவோ சற்றுக் கூடவோ செம்பும் வரும். மற்றதெல்லாம் இரும்புக் கூடும் மட்டரகப் பழுப்புப் பலகையும்தான். அதற்குப் பத்து நிமிடம் போகும், ஓர் ஆபத்தும் உண்டு. உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடியிருந்தால் 320 முதல் 400 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். அதை வடிக்க வேண்டிய ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும். திறந்தே ஆக வேண்டுமென்றால் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இரு முனையிலும் அரை நிமிடம் வைத்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் முனையையும் கண்ணையும் பதம் பார்க்கும்.

பவர் சப்ளையின் ஒயரை அறுத்துச் செம்பாக விற்கலாமே என்று தோன்றும். முதலில் வாங்குபவரைக் கேளுங்கள். ஒயரோடு இருப்பது ஒரு ரகம், ஒயர் இல்லாதது அதைவிடக் கீழான ரகம் என்று பிரித்து வாங்குபவர்கள் உண்டு. ஒயரில் வந்த லாபம் அங்கே போய்விடும்.

மதர்போர்டும் தங்க ஆசையும்

பலகையில் செய்ய வேண்டியவை மூன்று. பட்டன் பேட்டரியை எடுங்கள், ஒட்டியிருக்கும் இரும்புப் பட்டைகளைக் கழற்றுங்கள், அலுமினிய ஹீட்சிங்குகளைப் பிடுங்குங்கள். அதோடு கையை எடுத்துவிடுங்கள். ஸ்லாட், சிப், பின் என்று தோண்டி எடுத்த பலகையை வாங்குபவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து ரகத்தைக் குறைத்துவிடுவார். பிடுங்கிய சில்லறைக்கும் குறைந்த விலைக்கும் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

தங்கத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 240 தொடுபுள்ளி உள்ள ராம் ஒன்றில் தங்க முலாம் பூசிய மஞ்சள் பரப்பு மொத்தம் ஏறத்தாழ ஆறு சதுர சென்டிமீட்டர். முலாம் நல்ல தடிப்பாக, 0.76 மைக்ரோமீட்டர் இருக்கிறது என்று வைத்தாலும், தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் என்பதால் 9 மில்லிகிராம்கூட வராது. நூறு ராம் சேர்த்தால் ஒரு கிராமுக்கும் குறைவு. இதற்காக நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜதிராவகத்தில் இறங்கினால், அது தங்கத்தைத் தொடுமுன் செம்பும் நிக்கலும் கரைந்து பெரும்பகுதித் திராவகத்தைக் குடித்துவிடும். மேலே எழும் பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்ஸைடு நுரையீரலைத் தாக்கும். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம். மிஞ்சும் பச்சைக் கரைசலை எங்கும் கொட்ட முடியாது. பெரிய உருக்காலைகள் வேறு வழியில் எடுக்கின்றன. பலகைகளைச் செம்போடு சேர்த்து உருக்கினால் தங்கமும் வெள்ளியும் செம்புக்குள் போய்விடும், பிறகு மின்பகுப்பில் அடியில் தங்கும் சேற்றில் இருந்து அவற்றைப் பிரிப்பார்கள். வீட்டுக் கொல்லையில் நடக்கிற வேலை இல்லை அது. ராமையும் பிராசஸரையும் தனி ரகமாகச் சேர்த்து விற்பதோடு தங்கக் கணக்கு முடிந்தது.

ஹார்டு டிஸ்க்

இங்கே உலோகத்தைவிடத் தகவல்தான் பெரிது. ஓடும் நிலையில் இருந்தால் முழுப் பரப்பையும் ஒருமுறை மேலெழுதி, முழு டிரைவாகவே போடலாம். ஓடாத டிரைவைத் திறந்து, தகவல் பதிந்த தட்டுகளை அழித்துத்தான் தீர வேண்டும். நட்சத்திர முனையுள்ள டோர்க்ஸ் ஸ்க்ரூ டிரைவர் தேவை: அடிப்பலகைக்குப் பெரும்பாலும் டோர்க்ஸ் 6, மூடிக்கு டோர்க்ஸ் 8. எல்லாத் திருகும் எடுத்தும் மூடி அசையவில்லை என்றால், ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு திருகு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். விரலால் தடவினால் குழி தெரியும்.

உடல் வார்ப்பு அலுமினியம், சுழலும் மோட்டாரில் கொஞ்சம் எஃகு. மோட்டாரை எடுக்காமல் போட்டால் கலப்பு அலுமினிய விலைதான். உள்ளே இருக்கும் நியோடிமியக் காந்தங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பாய்ந்தால் நடுவில் மாட்டிய விரல் தோல் கிழியும். மேசைக் கணினித் தட்டுகள் பொதுவாக அலுமினியம். லேப்டாப் டிரைவின் தட்டு பல சமயம் கண்ணாடி, வளைத்தால் சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடக்கூடாது. மெமரி சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி-யில் தட்டே கிடையாது. தகவலை அழிக்க அதன் மேல் துளை போடுவதானால் ஒவ்வொரு மெமரி சிப்பின் நடுவிலும் போட வேண்டும்.

கேபிள்

உரிப்பதா, உரிக்காமல் போடுவதா என்பதைத் தடிமன்தான் முடிவு செய்யும். கணினியின் மின்கம்பியில் 0.75 சதுர மி.மீ. அளவில் மூன்று இழை. மீட்டருக்குச் செம்பு 20 கிராம், மொத்த எடை 65 கிராமை ஒட்டி. ஒரு கிலோ கம்பியில் 300 கிராம் செம்பு. அதற்குப் பதினைந்து மீட்டர் மேலுறையும், உள்ளே நாற்பத்தைந்து மீட்டர் மெல்லிய உறையும் உரிக்க வேண்டும். கத்தியை வைத்துக்கொண்டு இதில் உட்காராதீர்கள். நெட்வொர்க் கேபிளில் எடையில் பாதி செம்பு இருக்கிறது, ஆனால் எட்டு நூலிழைகள். அதையும் உரிக்காமல் சுருட்டிப் போடுவதே மேல். இழை 2.5 சதுர மி.மீ.க்கு மேல் இருந்தால்தான் உரிக்கும் கருவிக்கு வேலை.

உரிக்குமுன் ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். டிவி கேபிளின் நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால் செம்பு பூசிய எஃகு. இப்படிப் பத்து மீட்டர் கலந்துவிட்டால் முழு மூட்டையும் ரகம் இறங்கும்.

எரித்து உரிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. பி.வி.சி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின் என்ற கொடிய நச்சும் வரும், சூடான செம்பே அந்த டயாக்சின் உருவாக வினையூக்கியாகிறது. காசைப் பார்த்தாலும் கரிபிடித்த செம்புக்கு விலை குறைவு.

யு.பி.எஸ்

முழுப் பிரிப்பு ஜெயிக்கும் இடம் இதுதான். முதலில் பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு முதல் இரண்டரை கிலோ, பெரும்பகுதி ஈயம். அதை உடைக்காமல் அப்படியே தனியாக விற்க வேண்டும், உள்ளே கந்தக அமிலம். அடுத்து டிரான்ஸ்ஃபார்மர். சுருளின் வார்னிஷை அரத்தால் ஒரு தேய் தேயுங்கள். சிவந்தால் செம்பு, வெளுத்தால் அலுமினியம். அலுமினியம் என்றால் பிரிக்கவே வேண்டாம், அப்படியே டிரான்ஸ்ஃபார்மர் ரகத்தில் போடுங்கள். செம்பு என்றால், தகடுகளுக்கு வெளியே பிதுங்கி நிற்கும் சுருளை ஒரு பக்கம் ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிட்டு, அறுத்த பக்கத்தில் இருந்தே தடித்த கம்பியால் தட்டினால் மீதிச் சுருள் மறுபக்கம் கட்டியாக வெளியே வரும். தகடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்ப்பதைவிட இது பல மடங்கு வேகம்.

சர்வர்

கேள்வியே இல்லை, பாதிக் கழற்றல். பெரும்பாலான பாகங்கள் கருவி இல்லாமலே கொக்கியில் கழன்று வரும், பலகை உயர்ரகம், ராம் நிறைய.

பிரிண்டரும் மானிட்டரும்

லேசர் பிரிண்டரைப் பிரிக்க நாற்பது நிமிடம். கிடைப்பது மலை போலப் பிளாஸ்டிக், சில இரும்புத் தண்டுகள், உள்ளே சிறிதளவு செம்பு உள்ள மோட்டார்கள். டோனர் தூள் கொட்டினால் நாள் முழுக்கத் துடைக்க வேண்டும். சாதாரண வாக்குவம் கிளீனரில் உறிஞ்சினால் நுண்தூள் பையைத் தாண்டி அறைக்கே திரும்பும், தீப்பற்றவும் கூடும். கார்ட்ரிட்ஜையும் மின்பலகையையும் எடுத்துவிட்டு மீதியை முழுதாகப் போடுங்கள். தரையில் நிற்கும் பெரிய நகலெடுப்பான் மட்டும் விலக்கு. அதில் இரும்பும் மோட்டாரும் கனமாக இருக்கும், நகலெடுத்த ஆவணங்கள் பதிந்த ஹார்டு டிஸ்க்கும் பலவற்றில் உண்டு.

குழாய் மானிட்டரின் கழுத்தில் சுற்றிய செம்புச் சுருள் கண்ணை இழுக்கும். கைவைக்க வேண்டாம். கழுத்துக் கண்ணாடி சுலபமாக முறியும், உள்ளே வெற்றிடம், புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம், குழாயின் உயர் மின்னழுத்த முனையான ஆனோடில் 25 ஆயிரம் வோல்ட் வரை மிச்சம் இருக்கலாம். தட்டை மானிட்டரில் எல்.இ.டி வருவதற்கு முந்தியவற்றின் பின்விளக்குக் குழலில் பாதரசம் இருக்கிறது. கால் தகட்டையும் மின்கம்பியையும் மட்டும் எடுங்கள்.

லேப்டாப்

பேட்டரி, டிரைவ், ராம் மூன்றையும் எடுத்தால் போதும். சில மாடல்களின் மேல்கூடு மக்னீசியக் கலவை. அதை கிரைண்டரில் அறுத்தால் பொறியில் தூள் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூளும். பேட்டரி உப்பியிருந்தால் நெம்பவோ குத்தவோ கூடாது. முனைகளுக்கு டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட உலோக டப்பாவில் தனியாக வையுங்கள், மற்ற பேட்டரிகளோடு ஒரே பையில் போடாதீர்கள்.