கோத்தகிரியில் பிசினஸ் ஃபைபர் லைன்: மூன்று வருட அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன தேயிலை பேக்டரியில் எனக்கு ஆபீஸ் வேலை. பச்சை இலைக் கணக்கு, சரக்கு லாரிக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில், கேமரா எல்லாம் ஒரே ஃபைபர் லைனில்தான் ஓடுகின்றன. 100 எம்பிபிஎஸ் பிசினஸ் பிளான். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த மலையில் யாரிடம் எடுத்தாலும் கேபிள் அதே மரத்தில்தான் தொங்குகிறது.

முதல் ஒன்றரை வருடம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேகம் வந்தது, பில்லும் வந்தது. தகராறு ஆரம்பித்தது ஐப்பசி மழையோடு.

லைன் மொத்தமாகப் போனால்கூடப் பரவாயில்லை, ஆள் வந்து ஒட்டிவிடுவார். இது மூன்று நிமிடம் போகும், தானாக வந்துவிடும். இரண்டு நாள் சாதுவாக இருக்கும். வியாழக்கிழமை குன்னூர் தேயிலை ஆன்லைன் ஏலத்தில் எங்கள் லாட் வரும் நேரம் பார்த்துத் திரை அப்படியே நிற்கும். இல்லாவிட்டால் லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்க, இ-வே பில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். போன் செய்தால், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." ஆள் வருவதற்குள் லைன் வந்திருக்கும். சாயங்காலம் "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று எஸ்எம்எஸ். இப்படி ஏழெட்டு முறை.

லைன்மேன் தம்பி நல்ல பையன். கேபிளில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரை மாட்டிக் காட்டுவார். மைனஸ் 21 (டிபிஎம் கணக்கு; மைனஸுக்குப் பின் எண் கூடக்கூட வெளிச்சம் குறைவு). "லைன் நல்லாத்தானே இருக்குதுங்ண்ணா." அவர் மேல் தப்பில்லை, அவர் வருவது வெயில் நாளில். இடையில் வேறொரு ஆள் வந்து, கேபிளை மாட்டும் பச்சை முனை (கனெக்டர்) இருந்த இடத்தில் நீல முனையைப் போட்டுவிட்டுப் போனது தனிக் கதை. பச்சை முனையின் நுனி 8 டிகிரி சாய்வாகச் சீவியது, நீலம் அப்படியில்லை. இரண்டையும் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும். அன்று முழு நாளும் போச்சு.

அப்புறம்தான் இலைக் கணக்கு நோட்டு ஒன்றை இதற்கு ஒதுக்கினேன். போன நேரம், வந்த நேரம், மோடத்தில் என்ன லைட் எரிந்தது, வெளியே மழையா காற்றா. கம்ப்யூட்டரில் இரண்டு கறுப்பு ஜன்னல் திறந்து, ஒன்றில் எங்கள் மோடத்துக்கும் இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 சர்வருக்கும் பிங் ஓடவிட்டேன், அதாவது "இருக்கிறாயா" என்று விடாமல் கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. மோடத்துக்கே பதில் வராவிட்டால் கோளாறு நம் கட்டிடத்துக்குள். மோடம் பதில் சொல்லி, வெளியே மட்டும் நின்றால் கோளாறு வெளியே.

மூன்று வாரம் எழுதிய பிறகுதான் புரிந்தது, இருந்தது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. சில தடவை மோடத்தின் எல்லா லைட்டும் அணைந்து திரும்ப எரிந்திருந்தது. அந்த நேரங்களை ஷிப்ட் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தால், இலை உருட்டும் ரோலர் மோட்டாரை ஸ்டார்ட் செய்த நேரங்கள்! வோல்டேஜ் ஒரு நொடி விழ, மோடம் செத்துப் பிழைக்கிறது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்ததோடு அது ஒழிந்தது. இதற்குக் கம்பெனியைத் திட்டியிருக்கிறேன், தப்பு என்னுடையது.

மீதி தடவைகளில் பவர் லைட் நன்றாக எரியும், கேபிளில் வெளிச்சம் வரவில்லை என்று சொல்லும் சிவப்பு லைட் மட்டும் மினுக்கும். எல்லாமே காற்றடித்த நாள். மோடத்தின் செட்டிங் பக்கத்திலேயே வெளிச்ச அளவு தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. காற்றில் மைனஸ் 23, 26, 28 என்று ஆடியது. மூன்று எண் இறங்கினால் வெளிச்சம் பாதி, ஆறு இறங்கினால் கால்வாசி. எங்கள் வகை மோடத்துக்கு மைனஸ் 27தான் எல்லை.

நோட்டைப் போட்டோ எடுத்து, பழைய புகார் எண்களோடு மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பினேன். கஸ்டமர் கேருக்கு மேல் அப்படி ஒரு படி இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் போட்ட விதி. முறையிடக் காசு கட்ட வேண்டியதில்லை. நான்காம் நாள் அதே தம்பி, ஏணியோடு.

கம்பத்திலிருந்து பேக்டரி வரை கேபிள் மூன்று சில்வர் ஓக் மரங்களில் தாவி வருகிறது. இரண்டாவது மரத்தில் யாரோ கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மரம் பருத்து, பட்டை கம்பியை விழுங்கி, கேபிள் அங்கே முழங்கை போல மடங்கிக் கிடந்தது. கண்ணாடி இழை அந்த அளவுக்கு வளைந்தால் வெளிச்சம் வளைவிலேயே வெளியே கசிந்துவிடும், இழை உடையவே வேண்டாம். தம்பி மேலே நின்று கிளையை மெதுவாக அசைத்தார். கீழே என் போனில் மோடத்தின் செட்டிங் பக்கத்தில் எண் மைனஸ் 22இலிருந்து 29க்குப் போனது. கையை எடுத்தார், 22. "கெடச்சிருச்சுங்ண்ணா!" அந்தத் துண்டை மாற்றி, கேபிளைத் தளர்வாகக் கொக்கியில் மாட்டினார். இப்போது காற்றிலும் மைனஸ் 21.

அதிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு முறைதான் லைன் போனது. இரண்டும் சாலையோரம் மண் சரிந்து கேபிள் அறுந்தது. அவசரத்துக்கு வேறு கம்பெனியின் 4ஜி சிம் டாங்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் சாலையில் பெரிதாகச் சரிந்தால் அதுவும் சேர்ந்து போகலாம், டவருக்கும் கேபிள் அதே சாலையில் வந்தால் வேறென்ன ஆகும்?

வேகத்துக்கு நல்ல மார்க், கஸ்டமர் கேருக்கு முட்டை. லைனை இந்த மாதம் புதுப்பித்துவிட்டேன். நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்கும் நாளை மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருக்கிறேன், அன்று அரிவாள்காரர் பக்கத்தில் நான் நிற்க வேண்டும்.