பேக்லிங்க் ரகசியம் சொல்லும் மலிவு மின்நூலா, கூகுளின் இலவசக் கையேடா?

அக்காவின் சுங்குடிச் சேலைக் கடைக்கு ஒரு தளம் போட்டுக் கொடுத்ததிலிருந்து அதன் எஸ்இஓ வேலையும், அதாவது தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலையும், என் பொறுப்புதான். படங்கள் நன்றாக இருந்தன, தளம் வேகமாகத் திறந்தது. ஆனால் வெளியிலிருந்து ஒரு பேக்லிங்க் கூட, அதாவது வேறொரு தளம் நம் தளத்துக்குத் தரும் இணைப்புகூட, வரவில்லை. அதற்கு வழி தேடியபோது இரண்டு கிடைத்தன. ஒன்று, 'ஒரே வாரத்தில் ஆயிரம் பேக்லிங்க்' என்ற பாணியில் ஐந்து, பத்து டாலருக்கு விற்கும் மின்நூல்கள். இன்னொன்று, கூகுளே இலவசமாக வைத்திருக்கும் எஸ்இஓ தொடக்கக் கையேடு, எதெல்லாம் மீறல் என்று சொல்லும் ஸ்பேம் கொள்கைப் பக்கம், நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் மூன்றும். நான் வாங்கியதும் நண்பர்கள் வாங்கியதுமாகச் சில மின்நூல்களை முழுதாகப் படித்த பிறகு, இரண்டாவது வழியில் போனேன். இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

விலையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஒன்று இலவசம், மற்றது இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு. படிக்க எது சுலபம் என்றால், தயங்காமல் மின்நூல் என்பேன். முதல் நாள் இதைச் செய், மறுநாள் அதைச் செய் என்று படிப்படியாகச் சொல்கிறது. புதிதாக வருபவருக்கு அது தைரியம் தரும். கூகுளின் கையேடோ எதைச் செய்யக்கூடாது என்பதை விரிவாகச் சொல்லிவிட்டு, இணைப்பை எப்படிப் பெறுவது என்ற இடத்தில் நல்ல உள்ளடக்கம் எழுதுங்கள், அதை நாலு பேருக்குத் தெரியப்படுத்துங்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. இந்தக் குறை உண்மையானது.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: இன்று போடும் இணைப்பை நாளைக்கு யார் பராமரிப்பது?

மின்நூல் ஒன்றின் பொருளடக்கத்தையும், கூகுளின் ஸ்பேம் கொள்கையில் 'இணைப்பு ஸ்பேம்' என்ற பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசு கொடுத்து இணைப்பு வாங்குவது, அளவுக்கு மீறி ஒருவருக்கொருவர் இணைப்பு மாற்றிக்கொள்வது, தரமில்லாத டைரக்டரிகளில் பதிவது, மென்பொருளை ஓடவிட்டு இணைப்பு உண்டாக்குவது, விவாதத் தளங்களில் கையொப்பமாக இணைப்பு வைப்பது. மின்நூல் ரகசியம் என்று சொல்லும் தலைப்புகளில் பெரும்பகுதி, மீறல் என்ற பெயரில் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. எழுதி விற்பனைக்கு வரும் அளவுக்கு ஒரு தந்திரம் பழகிவிட்டது என்றால், தேடுபொறியின் ஸ்பேம் பிரிவுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

கடந்த காலத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும், இணைப்புகளை வைத்து ஒரு பக்கத்தின் மதிப்பைக் கணக்கிடும் பேஜ்ரேங்கை 1998-ல் விளக்கியபோது, ஒரு பக்கம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பை ஒருவகைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பரிந்துரையைப் போலியாகச் செய்யும் வழிகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாக அடைபட்டன. வலைப்பதிவுப் பின்னூட்டங்களில் இணைப்பு வைக்கும் வழக்கத்தை அடைக்க, இந்த இணைப்பைப் பரிந்துரையாக எண்ணாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறி 2005 ஜனவரியில் வந்தது. கட்டுரைகளைக் குவித்து வைத்திருந்த தளங்கள் 2011-ல் பாண்டா என்ற கூகுள் தேடல் மாற்றத்தில் சரிந்தன. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற அடுத்த மாற்றம் வந்து செயற்கை இணைப்புகளையே குறிவைத்தது. 2014 ஜனவரியில் கூகுளின் ஸ்பேம் தடுப்புப் பிரிவுத் தலைவராக இருந்த மேட் கட்ஸ், இணைப்புக்காகவே அடுத்தவர் தளத்தில் கெஸ்ட் போஸ்ட் எழுதும் காலம் முடிந்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். காலாவதியான டொமைனை, அதாவது பழைய தள முகவரியை, வாங்கி அதன் பழைய மதிப்பில் சவாரி செய்வது 2024 மார்ச்சில் தனி மீறலாகவே கொள்கையில் ஏறியது. நான் படித்த மின்நூல்களில் ஒன்று, பேஜ்ரேங்க் ஐந்துக்கு மேல் உள்ள தளங்களாகப் பார்த்துப் பிடிக்கச் சொல்கிறது. அந்த எண்ணை உலாவியில் காட்டிய டூல்பாரிலிருந்து கூகுள் அதை 2016-லேயே எடுத்துவிட்டது.

தந்திரம் பழசானால் காசுதானே போகும் என்று நினைக்கலாம். காசோடு போகாது. அமெரிக்காவின் ஜேசி பென்னி நிறுவனம் 2010 பண்டிகைக் காலத்தில் ஆடை, படுக்கை விரிப்பு போன்ற சொற்களுக்கெல்லாம் தேடலில் முதலிடத்தில் இருந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்பு வைக்கப்பட்டிருப்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், ஒரு பயணப் பெட்டி வகைக்கான தேடலில் அது இரண்டே மணி நேரத்தில் முதலிடத்திலிருந்து 71-ம் இடத்துக்கு இறங்கியது. அவ்வளவு பெரிய நிறுவனம் எழுந்து வந்துவிடும். ஊரில் ஒரு கடை வைத்திருப்பவர் எழுந்து வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள்: சர்ச் கன்சோலிலிருந்து இணைப்புப் பட்டியலை இறக்க வேண்டும், ஒவ்வொரு தளக்காரருக்கும் எடுத்துவிடுங்கள் என்று மடல் எழுத வேண்டும். பலர் பதிலே போட மாட்டார்கள். எடுப்பதற்குக் காசு கேட்பவர்களும் உண்டு. மிஞ்சியதை, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸ்அவோ கோப்பில் போட்டு ஏற்றிவிட்டு, மறுபரிசீலனை கேட்டுக் காத்திருக்க வேண்டும். வட்டிக்கு வாங்கிய பணம் மாதிரிதான் இந்த இணைப்பு; வரும்போது இருக்கும் சந்தோஷம் அடைக்கும்போது இருக்காது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2016 செப்டம்பருக்குப் பிறகு பெங்குவின் பெரும்பாலும் தளத்தை இறக்குவதில்லை, அந்த இணைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது. ஸ்பேமைப் பிடிக்கக் கூகுள் வைத்திருக்கும் ஸ்பேம்பிரெய்ன் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பை 2022 டிசம்பரில் இணைப்பு ஸ்பேமுக்கும் பயன்படுத்தியது அதே திசையில்தான். ஆகவே மின்நூல் சொல்வதைச் செய்த எல்லோருக்கும் தண்டனை வரும் என்று பயமுறுத்த மாட்டேன். பலருக்கு எதுவுமே நடக்காது. செலவழித்த இரவுகள் மட்டும் திரும்பி வராது. கூகுள் ஊழியர் யாராவது ஒருவர் தளத்தைக் கையால் பார்த்து எடுக்கும் தண்டனை நடவடிக்கையான மேனுவல் ஆக்‌ஷன் இன்னும் இருக்கிறது என்பதையும் மறந்துவிட முடியாது.

நான் தேர்ந்தெடுத்த வழி மெதுவானது. சுங்குடியை முதல் தடவை எப்படி நனைப்பது, சாயம் ஏன் இறங்குகிறது, முடிச்சுப் போட்ட இடம் எப்படி வெள்ளைப் புள்ளியாகிறது என்று அக்காவிடம் வாடிக்கையாளர்கள் தினமும் கேட்பதை ஒரு பக்கமாக எழுதினோம். கடையின் விற்பனைப் பக்கங்களுக்கு யாரும் இணைப்புத் தரவில்லை. இந்தப் பக்கத்துக்குக் கைவினை பற்றி எழுதுகிறவர்கள் தாமாகவே தந்தார்கள். அதற்குப் பராமரிப்பு என்று ஒன்றுதான் உண்டு: முகவரியை மாற்றாமல் வைத்திருப்பது, மாற்றினால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதுக்கு அனுப்பும் 301 ரீடைரக்ட் போடுவது. எந்தக் கொள்கை மாறினாலும் அந்த இணைப்பை எடுக்கச் சொல்லி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

என் அனுபவம் போட்டி குறைவான சிறு தளங்களோடு நிற்கிறது. கடன், காப்பீடு போன்ற துறைகளில் இந்தப் பொறுமை மட்டும் போதுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பெரிய விலைக்கு விற்கும் பயிற்சி வகுப்புகளையும் நான் எடுத்ததில்லை. இங்கே சொல்வது மலிவு மின்நூல்களைப் பற்றி மட்டும்.

அப்படியும் ஒன்றை வாங்கிப் பார்க்கத் தோன்றினால், முதலில் இலவச மாதிரிப் பக்கங்களிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். இந்த வகையில் பல, பிஎல்ஆர் எனப்படும் மறுவிற்பனை உரிமையில் மொத்தமாக விற்கப்படுபவை. வாங்கியவர் அட்டையையும் ஆசிரியர் பெயரையும் மாற்றித் தன் நூலாக விற்கலாம். அதே வாக்கியம் நாலு பெயர்களில் கிடைத்தால் விட்டுவிடலாம். அடுத்து, 2019-ல் வந்த 'ஸ்பான்சர்ட்' (காசுக்கு வைத்த இணைப்பு), 'யுஜிசி' (பயனர்கள் வைத்த இணைப்பு) குறிச்சொற்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். காசு வாங்கிய இணைப்புக்கு 'ஸ்பான்சர்ட்' அல்லது 'நோஃபாலோ' குறி வேண்டும் என்பதைக்கூடச் சொல்லாத நூல், உங்களை மீறலுக்குள்தான் நடத்திச் செல்லும்.

மின்நூல்களிலிருந்து நான் எடுத்துக்கொண்டதும் ஒன்று உண்டு. முன்பின் தெரியாத ஒரு தளக்காரருக்கு எப்படி மடல் எழுதுவது என்பதற்கு அவற்றில் நல்ல மாதிரிகள் இருந்தன. கூகுள் கையேட்டில் அது கிடையாது. 'உங்கள் கட்டுரையில் சாயம் பற்றிய இணைப்பு வேலை செய்யவில்லை, அதே விஷயத்தை நாங்கள் இங்கே எழுதியிருக்கிறோம்' என்று நாலு வரியில் நின்றுவிடும் மடலை அங்கிருந்துதான் கற்றேன். உண்மையிலேயே உடைந்த இணைப்பைக் கண்டால் மட்டும் அதை அனுப்புகிறேன்.