குழந்தையின்மைக்கான பரிசோதனைகள்: அரசு ஆஸ்பத்திரியா, தனியார் மையமா? இரண்டிலும் பார்த்த அனுபவம்

கல்யாணமாகி வருடம் ஒன்று தாண்டியும் விசேஷம் இல்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். இது பொதுவாக எல்லா மகப்பேறு டாக்டர்களும் சொல்வதுதான். எங்கே போய்ப் பார்ப்பது என்பதில்தான் குழப்பம். எங்கள் வீட்டில் அம்மா, அத்தை, சித்தி எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "ஜி.எச். பக்கம் போகாதீங்க, செலவானாலும் நல்ல பிரைவேட்டா பாருங்க" என்பது. நானும் கணவரும் சென்னையில் ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் ஆரம்பித்து, பிறகு ஒரு அரசு மருத்துவமனைக்குப் போனோம். இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் என்ன காரணத்தால் குழந்தை தங்கவில்லை என்று கண்டுபிடிக்கும் வேலையை எனக்கு ஒழுங்காகச் செய்துகொடுத்தது அரசு மருத்துவமனைதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தனியார் மையத்தில் நல்லது இல்லாமல் இல்லை. கணவன் மனைவி இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுகிறார்கள், அதுவே பெரிய விஷயம். ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ரத்தப் பரிசோதனை முடிவு சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்துவிடும், விந்து மாதிரி கொடுக்கச் சுத்தமான தனி அறை, ஆபீஸ் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் டாக்டர். மாதவிலக்கான இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எடுக்க வேண்டிய எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் அந்த நாள் தப்பினால் அடுத்த மாதம்தான் என்பதால் இந்த வேகத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் பரிசோதனை முடிந்து ரிப்போர்ட் கையில் வந்த அன்றே எங்களை அனுப்பியது டாக்டர் அறைக்கு அல்ல, கவுன்சிலர் அறைக்கு. ஏ.எம்.எச். 1.4, கருக்குழாய் டெஸ்ட்டில் ஒரு பக்கம் அடைப்பு, கணவருக்கு விந்தணுக் கவுண்ட் கொஞ்சம் குறைவு, அதனால் நேராக ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) போய்விடலாம் என்று சொல்லி, பேக்கேஜ் தொகையையும் மாதத் தவணை எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கே அதுவரை 20,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது.

அந்த மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் நான் ஏன் கோபப்படுகிறேன் என்று புரியும். ஏ.எம்.எச். என்பது சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கான ஒரு கணிப்பு, ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று ஐ.வி.எஃப். திட்டமிட அது உதவும், இயற்கையாகக் கரு தங்குமா தங்காதா என்பதை அது சொல்லாது, முட்டையின் தரத்தையும் சொல்லாது. விந்தணு விஷயம் இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள் என்பது கீழ் வரம்பு, அதற்குக் கொஞ்சம் கீழே ஒரே ஒரு முறை வந்தால் அது நோய் இல்லை. ஒரு விந்தணு உருவாகி வெளியே வரக் கிட்டத்தட்ட இரண்டரை மூன்று மாதம் ஆகிறது, இடையில் ஒரு காய்ச்சல் வந்திருந்தாலும் கவுண்ட் இறங்கும். திரும்ப ஒரு முறை எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்லவே கூடாது, ஆனால் திரும்ப எடுக்கச் சொல்லி யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

இனி அரசு மருத்துவமனை. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும், குழந்தையின்மைக்கென்று தனியாக ஒதுக்கிய கிழமையில்தான் பார்ப்பார்கள், கூட்டம் சொல்லி மாளாது. கர்ப்பிணிகளும் நாமும் ஒரே வராந்தாவில் உட்கார வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண்களுக்கு நடுவே கையில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கிற வலி எந்தச் சுகாதாரத் துறைக்கும் இதுவரை தெரியவில்லையா என்று எனக்கு நிஜமாகவே ஆதங்கம். ஆண்களை உள்ளே விடுவதில்லை, அவர்கள் மரத்தடியில் நிற்கிறார்கள். "ஏம்மா, நேத்தே வரச் சொன்னேன்ல" என்று நர்ஸ் அதட்டுவார், அதே நர்ஸ் மறுபடி ஓடிவந்து எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டுவார். கழிப்பறை மோசம். விந்து மாதிரி கொடுக்க நாங்கள் போன இடத்தில் சரியான தனி அறை கிடையாது, எங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் கொடுக்க முடியாமல் திரும்பிப் போனதைப் பார்த்தேன். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு சின்ன அறையும் ஒரு தாழ்ப்பாளும்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் ஏன் அதை உயர்த்திப் பேசுகிறேன் என்றால், அங்கே பார்த்த பி.ஜி. டாக்டர், அதாவது மேல்படிப்புப் படிக்கிற டாக்டர், கேட்ட கேள்விகளால். எந்த வயதில் பெரியவளானேன், மாதவிலக்கில் வலி எப்படி, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, கணவருக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா, வேலை சூடான இடத்திலா, புகையிலை உண்டா, மாதத்தில் எந்த நாட்களில் சேர்கிறோம் என்று எல்லாவற்றையும் எழுதினார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்பதால் அந்தப் பெண் இதையெல்லாம் யூனிட் சீஃப் முன்னால் ஒப்பிக்க வேண்டும், ஒரு கேள்வியை விட்டால் திட்டு விழும், அதனால் நமக்கு முழு விசாரணை கிடைக்கிறது. சீஃப் கேட்ட முதல் கேள்வியே "அவருக்கு டெஸ்ட் திரும்ப எடுத்தாச்சா?" என்பதுதான். இரண்டிலிருந்து ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு எடுக்கச் சொன்னார், எடுத்தோம், வரம்புக்கு மேலேயே இருந்தது. பெண்ணை மட்டும் ஊர் ஊராக அலையவிட்டு ஆணுக்கு அந்தச் சாதாரணப் பரிசோதனையைக் கடைசி வரைக்கும் எடுக்காத குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை. அங்கே அதற்கு இடமில்லை.

அப்புறம் அந்தக் குழாய் டெஸ்ட், ஹெச்.எஸ்.ஜி. கருப்பை வழியாகச் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், மாதவிலக்கு நின்றபின், முட்டை வெளிவருவதற்கு முன், பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் எடுக்க வேண்டும், வலிக்கும், முன்னாடியே வலி மாத்திரை வேண்டுமென்று கேளுங்கள். கருப்பையை ஒட்டின முனையில் அடைப்பு போல் தெரிந்தால், அது நிஜ அடைப்பாகவும் இருக்கலாம், அந்த நேரத்து வலியில் குழாய் இறுகிக்கொண்டதாகவும் இருக்கலாம். சீஃப் ரிப்போர்ட்டைப் படிக்காமல் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இதைத்தான் சொன்னார். வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவில் பார்க்கும் லேப்ரோஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்தார்கள். மயக்கம் கொடுத்து நீலச் சாயம் விட்டுப் பார்த்ததில் இரண்டு குழாயும் திறந்திருந்தன. அதே நேரத்தில் கருப்பை உள்சவ்வில் ஒரு துளி எடுத்துக் காசநோய்க்கும் அனுப்பினார்கள், இல்லையென்று வந்தது. நம் நாட்டில் குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியமான காரணம், கண்டுபிடித்தால் மருந்து இலவசம், ஆனால் தனியாரில் யாரும் அந்த வார்த்தையைக்கூட எங்களிடம் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் இத்தனைக்கும் எங்களுக்குப் பில் இல்லை, போக வர ஆட்டோவும் கேண்டீன் சாப்பாடும் மட்டும்தான் செலவு. சிகிச்சையை விற்க வேண்டிய அவசியமில்லாத இடத்தில் பரிசோதனை நிதானமாக நடக்கிறது என்பது என் அனுபவம்.

நிதானம் என்பது காத்திருப்பும்தான். லேப்ரோஸ்கோப்பிக்குத் தேதி கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன, ஒரு முறை மாதவிலக்கின் இரண்டாம் நாள் பொங்கல் லீவில் மாட்டி அந்த மாதமே வீணானது. எனக்கு வயது 31 என்பதால் தாங்கிக்கொண்டேன். 37, 38 வயதில் இருக்கிற ஒரு அக்காவுக்கு நான் இதே ஆலோசனையைச் சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் காசைவிட மாதங்கள் பெரிது, தனியாரில் வேகமாகப் பார்த்துவிட வேண்டும். மற்றவர்கள் இரண்டையும் கலந்துகொள்ளலாம்: நாள் கணக்கு பார்த்து எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகளை என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தர அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள வெளி லேபில் எடுத்துக்கொண்டு, அந்தத் தாள்களோடு அரசு டாக்டரிடம் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஒன்று விட்டு ஒரு நாள் முட்டை வளர்ச்சி பார்க்கும் ஸ்கேனையும் வீட்டுப் பக்கத்திலேயே எடுக்கலாம். அரசில் பரிசோதனையோடு நின்றுவிடுவார்கள் என்று பயந்தால், 1844-ல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் இப்போது அரசே செயற்கைக் கருத்தரிப்பு மையம் நடத்துகிறது.

தனியாருக்குப் போவதென்று முடிவு செய்தால், 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அந்த மையம் பதிவு செய்திருக்க வேண்டும், முதல் நிலைப் பதிவு என்றால் விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. மட்டும்தான் செய்யலாம், ஐ.வி.எஃப்.புக்கு இரண்டாம் நிலை வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பேக்கேஜில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வேறொரு டாக்டரிடம் ஃபைலைக் காட்டுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் கொடுத்து அனுப்புவார்கள், ஹெச்.எஸ்.ஜி. ஃபிலிமையும் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்குங்கள், காசு கொடுத்து எடுத்தது உங்களுடையது.